நீள்கொம்பு வண்டுகளின் நாடும் காடும்

மாமரத்தின் அடிப்பாகத்திலே விரல் நுழையுமளவு துளையொன்றும், அதன் கீழே நாரும் தூளுமாக உதிர்ந்து கிடக்கும் மரப்பொடியும் காணப்படுமாயின், "மரத்தில் வண்டு விழுந்துவிட்டது" என்று வளவுக்காரர் சொல்வது வழக்கம். அந்த வண்டை நேரிற் கண்டவர் சிலரே. மழை தொடங்கும் காலத்து இரவுகளில், விளக்கொளியை நாடி அது வீட்டுக்குள் வந்து விழுவதுண்டு. ஏறத்தாழ இரண்டு அங்குல நீளமும், சாம்பல் கலந்த கபில நிறமும், கழுத்துப் பகுதியில் இரு செம்மஞ்சட் புள்ளிகளும் உடைய அவ்வண்டின் தலையிலிருந்து, உடலினும் நீண்ட இரண்டு கொம்புகள் பின்னோக்கி வளைந்து செல்லும். கையிற் பிடித்தால் கிறீச்சென்று ஒலி எழுப்பும். அவ்வொலி வாயிலிருந்து வருவதன்று. மார்பின் முற்பகுதியை அடுத்த பகுதியோடு உராய்ந்தே வண்டு அதனை உண்டாக்குகிறது. பற்றோசேரா ரூபோமாக்குலாற்றா என்று விலங்கியலார் பெயரிட்ட இந்த மாமர வண்டு, நீள்கொம்பு வண்டுகள் என்னும் பெருங்குடும்பத்தின் ஓர் உறுப்பினர்.

அக்குடும்பம் மிகப் பெரியது. உலகெங்கிலும் இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட நீள்கொம்பு வண்டினங்கள் 35,000 இற்கு மேற்பட்டவை. பறவையினங்கள் யாவற்றையும் ஒருங்கு கூட்டினும் இத்தொகையின் மூன்றிலொரு பங்களவே தேறும். நெல்மணி அளவினவும் இவற்றுள் உண்டு. தென்னமெரிக்காவின் அமேசன் காட்டிலே 16 சதமமீற்றருக்கு மேல் வளரும் தைற்றானசு என்னும் பெருவண்டும் உண்டு. எனினும் இவ்வளவு பெரிய குடும்பம் உலகெங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஒரு நாட்டிலே மலிந்திருக்கும் இனம் மறு நாட்டில் இல்லை. ஒரு மலையில் வாழ்வது அடுத்த மலையில் இல்லை. ஏன் இவ்வாறு அமைந்தது என்பதும், இதனால் மனிதருக்கு விளையும் பொறுப்பு யாது என்பதும் ஆராயத் தக்கவை.

இதனை விளங்குவதற்கு வண்டின் வாழ்க்கை முறையை முதலில் அறிதல் வேண்டும். பெண் வண்டு மரப்பட்டையின் வெடிப்பிலோ, தன் தாடையாற் கீறிய வடுவிலோ முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிப்படும் குடம்பி வெண்ணிறமானது. கால்கள் மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். தலையும் தாடையும் மட்டும் வலியன. பட்டைக்குக் கீழேயும் வைரத்தினுள்ளேயும் சுரங்கம் அகழ்ந்து, மரத்தையே உணவாக்கி, சில மாதங்களோ பல ஆண்டுகளோ அது வாழும். பின்னர் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியேறும். வெளியுலகிலே அது வாழுங் காலம் பெரும்பாலும் சில வாரங்களே. ஆதலின் வண்டு என்று மனிதர் காண்பது அதன் ஆயுளின் கடைசிச் சிறு பகுதியை மட்டுமே. எஞ்சியது முழுவதும் மரத்தினுள்ளே கழிகின்றது.

உலர்ந்த மரத்தில் ஊட்டச்சத்து மிகக் குறைவாதலின், அதனை உண்டு வளரும் குடம்பியின் வளர்ச்சியும் தாமதமாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இசுற்றுரோமாற்றியம் பார்பாற்றம் என்னும் இனம் உலர்ந்த வெட்டு மரத்திலும் முட்டையிடும். வீட்டுக்கு வாங்கிவந்த அலுமாரியிலிருந்தோ கதவுநிலையிலிருந்தோ பல ஆண்டுகள் கழிந்த பின்னர் வண்டு வெளிவரக் கண்டு மக்கள் வியப்பதுண்டு. அந்த வண்டு வீட்டில் உற்பத்தியானதன்று. தச்சன் கைக்கு வருமுன்போ, வந்தபின் கிடங்கில் அடுக்கியிருந்த காலத்திலோ மரத்துக்குள் புகுந்தது. மரம் எங்கே பயணஞ் செய்கின்றதோ அங்கே வண்டும் பயணஞ் செய்கின்றது என்னும் இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் இருத்துவது நன்று. பின்னர் வரும் செய்திகளுக்கு இது திறவுகோலாகும்.

நீள்கொம்பு வண்டுகள் எல்லாம் பயிரின் பகைவர் என்று கருதுவது தவறாகும். உயிருள்ள நல்ல மரத்தைத் தாக்குவன சிலவே. பெரும்பாலானவை நோயுற்ற மரத்தையும், முறிந்த கிளையையும், வீழ்ந்து கிடக்கும் அடிமரத்தையும் நாடுவன. பட்டையைத் துளைத்து அவை அமைக்கும் வழிகளினூடாகப் பூஞ்சணங்களும் நீரும் காற்றும் மரத்தினுட் புகுகின்றன. நூறாண்டுகளாக மரத்திலே திரண்டிருந்த சத்துக்கள் மண்ணுக்குத் திரும்பும் வேலை அவ்வாறே தொடங்குகின்றது. மரங்கொத்திக்கு உணவும், சிற்றுயிர்களுக்கு உறைவிடமும் அத்துளைகளே. காட்டிற் பிணமகற்றும் பணியைக் கழுகு செய்வது போல, மரத்தின் உடலை மண்ணாக்கும் பணியை இவ்வண்டுகள் தொடங்கி வைக்கின்றன எனலாம்.

இனி, ஓரிடத்துக்கே உரிய இனம் என்பது யாது என நோக்குவோம். இயற்கையாகவே ஒரு நாட்டில் வாழும் உயிரினம் அந்நாட்டுக்குச் சுதேசமானது. அந்நாட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாததாயின், அது அந்நாட்டுக்கே உரியது. மாமர வண்டு இலங்கைக்குச் சுதேசமானதேயாயினும் இலங்கைக்கே உரியதன்று. இந்தியாவிலும் ஆசியாவின் வேறு பகுதிகளிலும் அது பரந்து வாழ்கின்றது. மா, அத்தி, பலா எனப் பல மரங்களை உண்ணும் ஆற்றலே அதன் பரவலுக்குக் காரணம். கத்திரிக்கோல் போன்ற தாடையுடைய அக்காந்தோபோரசு செரற்றிக்கோர்னிசு என்னும் பெருவண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ஒரு பிரதேசத்துக்கு உரியது என்று அதனைச் சொல்லலாம். இவற்றுக்கு மாறாக, ஒரு தீவிலே, அத்தீவின் ஒரு மலைச்சாரலிலே, அச்சாரலில் வளரும் ஒரு மரத்திலே மாத்திரம் வாழும் இனங்களும் உள. இவ்வாறு பரவல் பல படிகளாக அமைந்திருக்கின்றது.

கடைசிப் படிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள். மிக அண்மையிலுள்ள பெருநிலமும் அவற்றுக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து உண்டாக்கிய அத்தீவுகள் எந்தக் காலத்திலும் பெருநிலத்தோடு சேர்ந்திருந்தவையல்ல. எனவே அங்குள்ள சுதேச உயிர்கள் யாவும் காற்றிலோ நீரிலோ பறவையிலோ வந்தவற்றின் வழித்தோன்றல்களே. மிதந்து வந்த மரமொன்றினுள்ளே குடம்பி வந்திருத்தல் கூடும். எவ்வாறு வந்தாலும், தொடக்கத்தில் வந்து சேர்ந்த நீள்கொம்பு வண்டுகள் மிகச் சிலவே என்பதிற் சந்தேகமில்லை. ஆயினும் இன்று அங்கே பிளாகித்மைசசு என்னும் ஒரே சாதியில் மட்டும் ஏறக்குறைய 140 இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் உலகின் வேறெப்பகுதியிலும் இயற்கையாக வாழ்வதில்லை.

ஒரு சாதி இத்துணை இனங்களாகப் பிரிந்தது எவ்வாறு? முதற் காரணம் கடல். காவாய் என்னும் தீவு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையது. தென்கிழக்கிலுள்ள ஹவாய் என்னும் பெருந்தீவு 10 இலட்சம் ஆண்டும் நிரம்பாதது. பழைய தீவிலிருந்து புதிய தீவுக்கு எப்பொழுதோ தப்பிச் சென்ற ஒரு சில வண்டுகள், தாய்க்கூட்டத்தோடு மீண்டும் கலக்க வழியின்றித் தனியே பெருகின. இரண்டாவது காரணம் மரம். ஓரினம் கோவா என்னும் வேலமரத்தையும், மற்றோரினம் ஓகியா என்னும் மரத்தையும், வேறோரினம் மாமனே என்னும் மரத்தையும் பற்றிக்கொண்டது. வெவ்வேறு மரத்தை நாடுபவை வெவ்வேறிடத்திலே கூடிப் பெருகுதலால், ஒரே தீவிலிருந்தும் அவை பிரிந்தன. கடல் ஒரு வேலி. மரம் மற்றொரு வேலி. இவ்விரு வேலிகளும் நெடுங்காலமும் சேர்ந்து, ஒரு குடியைப் பல குடிகளாக்கின.

1892 ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகளாக அத்தீவுகளின் மலைகளிலே அலைந்து பூச்சிகளைத் திரட்டிய பேர்க்கின்சு என்னும் ஆங்கில அறிஞரின் உழைப்பினால் இவ்வண்டுகள் பல உலகுக்குத் தெரிய வந்தன. ஆனால் அவற்றின் வேலி அவற்றுக்கே ஆபத்துமாயிற்று. 1778 இல் கப்டன் குக் கொண்டுவந்த ஆடுகளும், 1793 இல் வன்கூவர் கொண்டுவந்த மாடுகளும் காட்டிற் கட்டின்றிப் பெருகி, மாமனே முதலிய மரங்களின் கன்றுகளை மேய்ந்தன. முதிர்ந்த மரம் விழுந்தபின் அவ்விடத்தை நிரப்ப இளமரம் இல்லாது போயிற்று. பல மரங்களை உண்ணும் வண்டாயின் வேறொன்றை நாடும்; ஒரே மரத்தை நம்பிய வண்டுக்கு வேறு புகலிடம் இல்லை.

தீவாயிருந்தால் மட்டும் தனியினங்கள் தோன்றிவிடும் என்று எண்ணுதல் ஆகாது. பிரித்தானியாவும் தீவே. அங்கேயுள்ள சுதேச நீள்கொம்பு வண்டினங்கள் ஏறத்தாழ 60 மட்டுமே. அவை ஐரோப்பாவிலும் வாழ்வன. பனியுகத்திலே வட பகுதி முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டுக் காடற்றுக் கிடந்தது. பனி விலகியபின் உயிர்கள் ஐரோப்பாவிலிருந்து நடந்தும் பறந்தும் வந்து குடியேறின. கடல் இடையிட்டு ஏறத்தாழ 8,000 ஆண்டுகளே ஆயின. வண்டினம் ஒன்று புதிதாய்ப் பிரிந்து நிலைபெறுவதற்கு அக்காலம் போதாது. எனவே தனியினத்தை ஆக்குவது நீர் மட்டுமன்று. தடையற்ற நெடுங்காலமும் வேண்டும்.

தொகையால் மிகுதலும் தனிமையால் மிகுதலும் வேறு வேறு என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். அல்பிரட் ரசல் வொலசு என்னும் இயற்கையறிஞர் 1855 இல் போர்ணியோத் தீவின் சரவாக்கிலே, சீமுன்யோன் என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கம் அமைக்கும் இடத்தை அண்டித் தங்கினார். சுரங்கத்துக்காகவும் அதற்கான பாதைக்காகவும் காடு வெட்டப்பட்டது. வெட்டுண்ட மரங்களின் மணம் நாடி வண்டுகள் திரண்டன. பூச்சியொன்றுக்கு ஒரு சதம் வீதம் கொடுத்து, அங்கு வேலைசெய்த சீனரையும் டயக் மக்களையும் கொண்டு அவர் திரட்டினார். ஒரே நாளில் 76 வகைப் பூச்சிகள் கிடைத்ததும் உண்டு. போர்ணியோவில் அவர் பெற்ற ஏறத்தாழ 2,000 வண்டினங்களுள் மிகப் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்குச் சிறிதே மேற்பட்ட அவ்விடத்திலேயே கிடைத்தவை. நீள்கொம்பு வண்டுகள் மட்டும் ஏறத்தாழ 300 வகை. மலாய்த் தீவுக்கூட்டத்திலே அவர் திரட்டிய நீள்கொம்பு வண்டுகளைப் பசுகோ என்பவர் 1864 முதல் 1869 வரை ஆராய்ந்து வெளியிட்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கக் கண்டார்.

போர்ணியோவின் வளம் மரவகையின் வளத்தால் வந்தது. நூற்றுக்கணக்கான மரவகைகள் நெருங்கி வளருமிடத்தில் நூற்றுக்கணக்கான வண்டுகளும் அருகருகே வாழ முடியும். ஹவாயின் வளமோ தனிமையினாலும் காலத்தினாலும் வந்தது. மற்றொன்றும் இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும். காடு வீழ்ந்த இடத்திலேதான் அக்காட்டின் வண்டுகள் அறியப்பட்டன. அறிவு பெருகிய அதே நாளில் அவ்வறிவுக்குப் பொருளாயிருந்த காடு குறைந்தது. வெப்பநாடுகளின் பூச்சியியல் வரலாற்றிலே இவ்வவலம் பன்முறை நிகழ்ந்துள்ளது.

இலங்கையின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஹவாயைப் போல இது எக்காலமும் தனித்திருந்த தீவன்று. பனியுகங்களிலே கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் பாக்கு நீரிணை வற்றி, இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ மிக ஆழங்குறைந்தது. ஆகவே யானையும் மானும் நடந்து கடந்த அந்நிலத்தை வண்டுகளும் கடந்திருத்தல் இயல்பே. அவ்வாறாயின் இலங்கையின் உயிரினங்கள் யாவும் தென்னிந்தியாவின் உயிரினங்களாகவே இருத்தல் வேண்டுமன்றோ?

அப்படியில்லை என்பதை 2004 ஆம் ஆண்டில் சயன்சு என்னும் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மரத்தவளை, நன்னீர் மீன், நண்டு, இறால், பூமிக்குட் புதைந்து வாழும் பாம்பு முதலியவற்றை ஆராய்ந்த அறிஞர்கள், நிலப்பாலம் பன்முறை இருந்தபோதிலும் இலங்கையின் உயிரினக் குழுக்கள் தென்னிந்தியாவிலிருந்து நெடுங்காலமாகப் பிரிந்தே வளர்ந்தன என்று கண்டனர். இதற்கான விளக்கம் நிலப்படத்திலேயே உள்ளது. இந்தியாவின் மேற்குமலைத் தொடரும், இலங்கையின் தென்மேற்குத் தாழ்நிலமும் மத்திய மலைநாடும் ஈரமான காடுகளையுடையவை. அவ்விரண்டுக்கும் இடையே தமிழ்நாட்டின் சமவெளியும் வன்னியும் உலர்ந்த நிலங்களாகக் கிடக்கின்றன. நீரிணை வற்றியபோதும் இவ்வுலர்ந்த நிலம் வற்றவில்லை. ஈரத்தை விரும்பும் உயிருக்குக் கடலும் உலர்நிலமும் ஒன்றே, இரண்டும் வேலியே.

நீள்கொம்பு வண்டுகளைப் பொறுத்தவரையும் இவ்வமைப்பு மிக முக்கியமானது. உலர்வலயத்தின் பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகிய மரங்கள் தென்னிந்தியாவிலும் வளர்வன. அவற்றை உண்ணும் வண்டுகளும் இருபுறத்தும் வாழ வாய்ப்பு அதிகம். ஈரவலயத்தின் நிலை வேறு. இலங்கையிலுள்ள 58 வகையான ஹொர, தூன் குடும்ப மரங்களுள் ஏறக்குறைய யாவும் இத்தீவுக்கே உரியன. 1988 இல் உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்ட சிங்கராசக் காட்டின் மரவகைகளில் நூற்றுக்கு 60 இற்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியன. மரம் தனித்துவமுடையதாயின் அம்மரத்தை உண்ணும் வண்டும் தனித்துவமுடையதாயிருத்தல் இயல்பென ஹவாய் காட்டுகின்றது. இலங்கையின் மொத்த நிலத்தில் நாலிலொரு பங்களவே ஈரவலயம். மக்கள் மிகுதியாக நெருங்கி வாழ்வதும் அங்கேதான்.

இவ்வண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி இலங்கையில் நெடுநாட்களுக்கு முன்னரே தொடங்கிற்று. 1850களின் இறுதியில் பிரான்சிசு வோக்கர் என்பவர் இலங்கைப் பூச்சிகள் பலவற்றை இலண்டனில் விவரித்தார். கோப்பித் தோட்டக்காரராக வாழ்ந்த யோன் நீற்னர் என்னும் யேர்மானியர் வண்டுகளைத் திரட்டியதோடு, 1861 இல் கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றிய நூலொன்றும் எழுதினார். 1906 இல் கஹான் என்பவர் எழுதிய நூல், அக்காலப் பிரித்தானிய இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் நீள்கொம்பு வண்டுகளில் ஒரு பெரும்பிரிவை ஒழுங்குபடுத்திற்று. மற்றப் பெரும்பிரிவைப் பின்னாளில் ஆராய்ந்த புறோய்னிங் என்பவர், உலகெங்குமுள்ள இவ்வண்டுகளில் 7,000 இற்கு மேற்பட்டவற்றுக்குப் பெயரிட்டார். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையும் பூச்சித் திரட்டொன்றைப் பேணி வருகின்றது.

இத்தகைய ஆராய்ச்சியில் ஓர் எச்சரிக்கை தேவை. இலங்கையின் பெயரைத் தாங்கிய வண்டெல்லாம் இலங்கைக்கே உரியதென்று கொள்ளலாகாது. முதலில் எங்கே பிடிபட்டதோ அவ்விடத்தின் பெயரை இடுவது விலங்கியலார் வழக்கம். பின்னர் அதே வண்டு வேறு நாட்டில் அகப்படலாம். அவ்வாறே, ஒரு வண்டு ஒரு மலையில் மட்டும் கிடைத்ததாயின், அது அம்மலைக்கே உரியதா, அல்லது தேடியவர் அம்மலையில் மட்டுந்தான் தேடினாரா என்று வினவுதல் வேண்டும். கொப்புகளைத் தட்டி விரிப்பிலே வீழ்த்தியும், இரவில் வெண்துணிமுன் விளக்கேற்றியும், காய்ந்த கிளைகளைக் கூட்டில் அடைத்துவைத்து வண்டு வெளிவரும்வரை மாதக்கணக்கிற் காத்திருந்தும் வண்டுகள் திரட்டப்படுகின்றன. இவற்றுள் மூன்றாவது முறையே எவ்வண்டு எம்மரத்தை உண்ணுகின்றது என்பதை ஐயமற நிறுவும். அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையுள்ள தேட்டமில்லாத இடத்தில் பட்டியல் குறுகியிருக்கும். பட்டியல் குறுகியிருப்பதனால் காடு வறியதென்று ஆகாது.

ஓரிடத்துக்கே உரிய வண்டு ஆபத்துற்றால் என் செய்வது? கலிபோர்ணியாவின் மத்திய பள்ளத்தாக்கிலே, எல்டர் என்னும் செடியை மட்டும் உண்டு வாழும் செந்நிற ஓரமுடைய நீள்கொம்பு வண்டொன்று உண்டு. ஆற்றங்கரைக் காடுகளின் பெரும்பகுதி வயல்களாகவும் அணைக்கட்டுகளாகவும் மாறியபின், 1980 இல் அமெரிக்க அரசாங்கம் அதனைச் சட்டத்தாற் பாதுகாக்கப்படும் உயிராக அறிவித்தது. அன்றிலிருந்து அச்செடி வளருமிடத்தில் பாலமோ வீதியோ அமைப்போர் வண்டின் துளையுண்டா என்று முதலிற் பார்க்க வேண்டியதாயிற்று. 2012 இல் அப்பாதுகாப்பை நீக்கும் யோசனை முன்வைக்கப்பட்டு, 2014 இல் அது கைவிடப்பட்டது. ஐரோப்பாவிலும், நீலநிறமும் கருந்திட்டுக்களும் உடைய உரோசாலியா அல்பினா என்னும் அழகிய வண்டு 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாற் காக்கப்படுகின்றது. அவ்வண்டு வெயில்படும் பீச்சு மரக்கட்டைகளில் முட்டையிடும். கோடையிலே காட்டில் அடுக்கிவைத்த விறகை நாடி அது முட்டையிட, விறகு அடுப்புக்குப் போகும்போது அடுத்த தலைமுறையும் உடன் எரிந்துபோகின்றது. எவரும் அதனைக் கொல்ல நினைத்ததில்லை. எனினும் அது அழிகின்றது.

இதற்கு எதிரான தீங்கும் உண்டு. ஓரிடத்து வண்டு மற்றோரிடத்துக்குச் சென்றால், அங்குள்ள மரங்களுக்கு அது நோயாகின்றது. சீனாவையும் கொரியாவையும் தாயகமாகக் கொண்ட கருமேனியில் வெண்புள்ளியுடைய நீள்கொம்பு வண்டொன்று, பொருட்களை அடைத்த மரப்பெட்டிகளினுள்ளே குடம்பியாகப் பயணஞ்செய்து, 1996 இல் நியூயோர்க் நகரிலே காணப்பட்டது. தெருவோர மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்கப்பட்டன. யப்பானிலே பைன் மரங்களைக் கூட்டங்கூட்டமாக வாட்டிய நோய்க்குக் காரணம், வட அமெரிக்காவிலிருந்து வந்த நுண்புழுவொன்று; அதனை மரத்துக்கு மரம் சுமந்து சென்றது யப்பானின் சுதேச நீள்கொம்பு வண்டே. அந்நியரும் உள்ளூரவரும் சேர்ந்தபோது, தனித்தனியே செய்யாத தீமை விளைந்தது. இதனாலேயே 2002 இல் சர்வதேச விதியொன்று வகுக்கப்பட்டது. நாடுகளுக்கிடையே செல்லும் மரப்பெட்டிகளின் மரத்தை, அதன் நடுப்பகுதியிலும் 56 பாகை செல்சியசு வெப்பம் 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றுதல் அவ்விதி ஏற்ற முறைகளுள் ஒன்று. துறைமுகங்களிலே பெட்டிகளின்மேற் பொறிக்கப்பட்டிருக்கும் கோதுமைக்கதிர் போன்ற முத்திரை அதற்குச் சான்று.

தாய்நாட்டிலேயே தீமை செய்யும் வண்டுகளும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. மத்திய இந்தியாவின் சால் காடுகளிலே ஹொப்புளோசெராம்பிக்சு என்னும் வண்டு சாதாரண காலங்களில் நலிந்த மரங்களை மட்டும் உண்டு வாழும். ஆனால் 1920களிலும், 1990களின் பிற்பகுதியிலும் அது பெருவாரியாகப் பெருகி, நல்ல மரங்களையும் இலட்சக்கணக்கில் அழித்தது. அதனை அடக்கக் காட்டிலாகாவினர் கையாண்ட முறை எளியது. ஒருசில மரங்களை வெட்டி, துண்டுகளின் பட்டையை அடித்து நைத்து வைப்பர். கசியும் சாற்றின் மணம் நாடி நெடுந்தூரத்திலிருந்து வண்டுகள் வந்து குடித்து மயங்கிக் கிடக்கும்போது, கிராம மக்கள் அவற்றைப் பொறுக்கி அழிப்பர். ஆகவே நீள்கொம்பு வண்டு நல்லதா தீயதா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. எந்த வண்டு, எந்த மரத்தில், எந்தக் காட்டில் என்று கேட்டே விடை காணல் வேண்டும். வளவிலுள்ள மாமரத்தின் துளையிற் கம்பியைச் செலுத்திக் குடம்பியைக் கொல்லும் விவசாயி செய்வது முற்றிலும் சரியே. மழைக்காட்டில் வீழ்ந்து கிடக்கும் மரத்தைச் "சும்மா கிடந்து உக்குகின்றது" என்று அகற்றுவது அவ்வாறு சரியாகாது.

இலங்கையின் மலைநாட்டு வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பிக்காக மலைச்சாரல்களின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் உருவான அத்தோட்டங்கள் நாட்டுக்குச் செல்வம் தந்தன. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் அன்று எரிந்த அடிமரங்களினுள்ளே எத்தனை வகை வண்டுகள் இருந்தன என்று எண்ணியவர் ஒருவருமில்லை. இன்று எஞ்சியிருப்பன மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டுதுண்டாக நிற்கும் காடுகளே. ஒரு துண்டிலுள்ள வண்டுக்கு, இடையிலுள்ள தேயிலை மலை ஒரு கடலாகும்.

அத்துண்டுகளைக் காத்தலோடு, அவற்றினுள்ளே முதிர்ந்து சாயும் மரங்களைச் சாய்ந்த இடத்திலேயே விட்டுவைத்தலும் வேண்டும். விறகுத் தேவையுள்ள மக்களுக்கு அதற்கெனத் தனியே மரம் வளர்த்துக் கொடுத்தல் வேண்டும். காடு காக்க வேண்டுமென்று அடுப்பை அணைக்கச் சொல்லுதல் நீதியாகாது. பாடசாலை மாணவர், காய்ந்த கொப்பொன்றைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு மெல்லிய துணியால் மூடி, மரத்தின் பெயரையும் எடுத்த இடத்தையும் நாளையும் ஒட்டிவைத்து, என்ன வெளிவருகின்றது என்று பார்க்கலாம். பெரிய செலவில்லாத இவ்வேலையினால் எவரும் அறியாத ஓர் உண்மை வெளிப்படக்கூடும்.

யானையும் சிறுத்தையும் குறைந்தால் மக்கள் கண்ணுக்குப் புலனாகும். மரத்துக்குள் வாழும் வண்டு மறைவதை எவரும் அறியார். மனிதர் பெயரிடாத ஓர் இனம் அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்வதற்கு ஒரு சொல்லும் எஞ்சியிராது. ஒரு மலைக்கே உரிய உயிரைக் காக்கும் கடமையும் அம்மலையை உடைய நாட்டுக்கே உரியது. உலகில் வேறெவரும், எத்துணை விரும்பினும், அதனை அந்நாட்டுக்காகச் செய்துவிட முடியாது.